அரிய பாம் மரங்களை வேற்றுத் தட்பவெப்பத்தில் வளர்ப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

பாம் (palm) எனப்படும் பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் இருக்கின்றன. தென்னை, பனை, கமுகு, ஈச்சை தவிர மற்றவற்றைப் பெரும்பாலும் படத்தில்தான் பார்க்கிறோம். செக்கச்சிவந்த மட்டையும் விசிறிபோல் விரிந்த ஒற்றை ஓலையுமாக அவற்றைப் பார்த்ததும் ஒன்று வாங்கி வைக்கத் தோன்றும். வாங்கியும் விடுவோம். முதல் குளிரிலோ முதல் கோடையிலோ குருத்து கருகிவிடும்.

காரணம் பெரும்பாலும் பராமரிப்பு இல்லை, தேர்வு. ‘வெப்பமண்டலச் செடி’ என்று ஒரே பெயரில் விற்கப்படும் மரங்களில் ஒன்று சதுப்பில் வளர்ந்தது, ஒன்று மலையுச்சியில், இன்னொன்று காய்ந்த புல்வெளியில். அதனால் மண்வெட்டியைத் தொடும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

படி 1: தோட்டத்தின் மோசமான மாதத்தை அளந்து வையுங்கள்

ஆண்டுச் சராசரி வெப்பம் இங்கே உதவாது. மிகக் குளிர்ந்த இரவு எத்தனை டிகிரி, மிக வறண்ட மதியம் எத்தனை டிகிரி என்பதுதான் கணக்கு. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றைச் செடி உயரத்தில் வையுங்கள். இரண்டு மூன்று இடங்களில் மாற்றி வைத்துப் பார்த்தால் ஒரே தோட்டத்துக்குள் உள்ள வித்தியாசம் புரியும். காற்றில்லாத தெளிந்த இரவில் வெட்டவெளி சட்டென்று குளிர்ந்துவிடும். பெரிய மரத்தின் அடியிலும், பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் சுவரை ஒட்டியும் குளிர் அவ்வளவு இறங்காது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீர் உப்பா, மண் களியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அதற்கேற்ற இனத்தைத் தேடுங்கள்

எல்லாரும் முதலில் ஆசைப்படுவது லிப்ஸ்டிக் பாம், அதாவது சிர்டோஸ்டாகிஸ் ரெண்டா. மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பகுதிகளின் கரிச் சதுப்புக் காடுகள் (மக்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு) அதன் ஊர். வேர் எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும், காற்றிலும் ஈரம் வேண்டும். இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தாங்காது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஓலை நுனி கருகும். குளிரோ வறட்சியோ உள்ள இடத்தில் இதைத் தொட்டியில் வைத்து உள்ளும் புறமும் நகர்த்திக்கொண்டிருக்கத் தயாரென்றால் மட்டும் வாங்குங்கள்.

ஜோஹான்னஸ்டெய்ஸ்மானியா என்று நாக்கைச் சுற்றும் பெயருடைய மலேசியப் பக்கத்து மரம் ஒன்று உண்டு. ஆளுயரத்தைத் தாண்டும் பிளவுபடாத ஓலை. அது காட்டின் அடித்தட்டில் வளர்வது. நேர்வெயில் பட்டால் வெளுத்துக் கருகும், காற்றடித்தால் கிழியும். வனுவாட்டு தீவுகளின் லிகுவாலா கிராண்டிஸுக்கும் நிழலும் காற்று மறைப்பும்தான் உயிர்.

வெள்ளி நிற பிஸ்மார்க்கியா நோபிலிஸ் இதற்கு நேர் எதிர். மடகாஸ்கரின் திறந்த புல்வெளியில் வளர்ந்தது. முழு வெயில் கேட்கும், வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்கும், ஓரளவு வளர்ந்த வெள்ளி வகை லேசான உறைபனியையும் சமாளிக்கும். வெயிலும் இடமும் தாராளமாக இருந்தால் என் முதல் சிபாரிசு இதுதான்.

கொலம்பியாவின் தேசிய மரமான செராக்சிலான் குயின்டியூயென்சே 60 மீட்டர் வரை உயரும் மெழுகுப் பாம். பிறந்தது வெப்பமண்டலத்தில், ஆனால் ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த உயரங்களில். இரவும் புழுங்கும் ஊரில் அது தேறாது. மிதமான குளிரும் ஓரளவு ஈரமும் உள்ள இடத்தில் புதிதாகத் தொடங்குபவர்கள், நியூ கலிடோனியாவின் சாம்பெய்ரோனியா மேக்ரோகார்ப்பாவை முயலலாம். ஒவ்வொரு புது ஓலையும் சிவப்பாக விரிந்து சில நாளில் பச்சையாகும். மெதுவாகத்தான் வளரும்.

அரிய மரம் என்றால் கிடைக்காத மரம் என்று நினைக்க வேண்டாம். மொரீஷியஸ் அருகே ரவுண்ட் தீவில் ஒரு கட்டத்தில் இயற்கையாக மிகச் சிலவே எஞ்சியிருந்த பாட்டில் பாம், நாற்றங்கால்களில் தாராளமாகக் கிடைக்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம், உறைபனிதான் ஆகாது. எதை வாங்கினாலும் விதையிலிருந்து நாற்றங்காலில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். சில இனங்களுக்குப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு உண்டு, வெளிநாட்டு விதைக்குத் தாவரத் தடைகாப்பு விதிகளும் உண்டு.

படி 3: விதையா, கன்றா?

முதல் தடவை என்றால் நாலைந்து ஓலை விட்ட கன்று போதும். விதைதான் போடுவேன் என்பவர்கள் புதிய விதையாகப் பாருங்கள். வெப்பமண்டல ஈரக்காட்டு இனங்களின் விதை காய்ந்தால் பெரும்பாலும் செத்துவிடும். பழச்சதையை முழுக்கக் கழுவி நீக்குங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது; கூந்தல் பனை போன்றவற்றின் சதை கடுமையாக அரிக்கும். ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவை நனைத்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழும் பதத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டு, விதையைப் புதைத்து மூடி, 27 முதல் 32 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பூஞ்சை பிடித்ததை அகற்றினால் போதும். சில இனங்கள் ஓரிரு மாதத்தில் முளைக்கும், சில ஓராண்டும் தாண்டும். விதை கெட்டியாக இருக்கும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

பிஸ்மார்க்கியா முளைக்கும் விதம் பனங்கொட்டை போலத்தான்: முதலில் முளை ஆழமாகக் கீழே போகும், அங்கிருந்துதான் ஓலை மேலே வரும். அதனால் முளை தெரிந்ததும் உயரமான குறுகிய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: தொட்டிக்காலம்

நார்க்கழிவோ மரப்பட்டைத் துண்டோ பாதி, பருமணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளைத் துகள்) பாதி. ஊற்றிய தண்ணீர் உடனே கீழே வர வேண்டும். சின்னக் கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேரெட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகும். நிழலில் வளர்ந்த கன்றை மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

படி 5: நடுதல்

மண் சூடாகும் பருவத்தின் தொடக்கத்தில் நடுங்கள். குளிர்ந்த மண்ணில் பாம் வேர் ஓடாது. குழி, வேர்க்கட்டியைப்போல் இரண்டு மடங்கு அகலம், அதே ஆழம். நடும் முன் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால், அந்த இடத்தில் ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது. தூர் மண்மட்டத்தில் இருக்க வேண்டும். தென்னங்கன்றை ஆழக்குழியில் வைத்துப் பழகிய கை இங்கேயும் ஆழமாகத்தான் போகப் பார்க்கும், விடாதீர்கள். ஆழத்தில் புதைந்த பாம் மரத்தின் வேர் மூச்சுத் திணறும், மாங்கனீஸ் எடுக்க முடியாமல் புது ஓலை சுருண்டு வரும்.

வேர்க்கட்டி உடையக் கூடாது, குறிப்பாக பிஸ்மார்க்கியாவுக்கு. மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, நார் போன்றவை) இரண்டு மூன்று அங்குலம் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

படி 6: உரம், ஓலையைப் படித்தல்

பாம் மரங்களுக்குத் தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாகவும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவாகவும், கூடவே மெக்னீசியமும் மாங்கனீசும் வேண்டும். மெதுவாகக் கரையும் உரம் பாதுகாப்பு. கீழ் ஓலையில் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகள் வந்து நுனி காய்ந்தால் சாம்பல் சத்து குறைவு. கீழ் ஓலையின் ஓரம் பட்டையாக மஞ்சளித்து நடுவில் பச்சை நின்றால் மெக்னீசியம் குறைவு. புது ஓலை சிறுத்துக் கருகிச் சுருண்டால் மாங்கனீஸ்.

மஞ்சளித்த ஓலையை அழகுக்காக வெட்டாதீர்கள். மரம் அதிலிருந்து சாம்பல் சத்தை உறிஞ்சிப் புது ஓலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெட்டினால் அடுத்த ஓலை மஞ்சளிக்கும்.

படி 7: மோசமான பருவம்

வறண்ட கோடைக்கு 50 சதவீத நிழல்வலை, காற்றுத் தடுப்பு, காலைத் தண்ணீர் போதும். குளிர்தான் சிக்கல், அதிலும் ஈரக் குளிர். குளிர் நெருங்கும்போது தண்ணீரைக் குறையுங்கள், குருத்துக்குள் மழைநீர் இறங்காமல் பாருங்கள். உறைபனி இரவில் ஓலைகளைத் தளர்வாகக் கட்டி, கம்பு நட்டு, அதன்மேல் நெய்யாத் துணியைப் போர்த்துங்கள். வெறும் பிளாஸ்டிக் ஓலையில் ஒட்டினால் அந்த இடமே கருகும். காலையில் திறந்துவிட வேண்டும்.

படி 8: குருத்து கையோடு வந்தால்

ஒற்றைத் தண்டு மரத்துக்கு வளர்முனை ஒன்றுதான். குளிருக்குப் பின் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் குருத்தழுகல். அழுகியதை நீக்கி, உள்ளே 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை அடங்க விடுங்கள். தாமிரப் பூஞ்சைக்கொல்லியும் ஒருமுறை கொடுக்கலாம். பிறகு மேலே தண்ணீர் படாமல் மறைத்து வையுங்கள். சில மாதம் எதுவும் தெரியாது. அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். புதிய குருத்து எட்டிப் பார்த்தால், அதற்கும் பக்கத்து மட்டைக்கும் குறுக்கே பேனாவால் ஒரே கோடு போடுங்கள். இரண்டு வாரத்தில் கோடு விலகியிருந்தால் மரம் வளர்கிறது.

குளிரில் பாதி கருகிய ஓலைகளை வெப்பம் திரும்பும்வரை விட்டுவைத்து, முழுக்கக் காய்ந்தபின் அறுங்கள். கத்தியை ஒவ்வொரு மரத்துக்கும் துடைத்துக் கிருமிநீக்குங்கள். பச்சை மட்டையை அறுத்தால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். தண்டில் ஆணி அடிப்பதும் கூடாது. பாம் மரத்தின் தண்டுக்காயம் ஆறி மூடுவதில்லை.