பழைய நீர்மூழ்கிகளுக்கு நீரடி வேகம் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க நீர்மூழ்கிகள் கடல்மட்டத்தில் மணிக்கு 20 கடல் மைல் வரை ஓடின. மூழ்கிவிட்டாலோ 9 கடல் மைலை எட்டுவதே பெரும்பாடு. ஜெர்மனியின் 21-ஆம் வகை நீர்மூழ்கி நீருக்குள்ளேயே 17 கடல் மைல் வேகம் காட்டியதை ஆராய்ந்த அமெரிக்கக் கடற்படை, கைவசமிருந்த கப்பல்களையே மாற்றியமைத்து நீரடி உந்துதிறனைக் கூட்டக் 'கப்பி' (GUPPY) திட்டத்தைத் தொடங்கியது. 1947-இல் ஓடாக்ஸ், பொமோடான் ஆகிய இரண்டும் முதலில் மாற்றம் பெற்றன.

இத்தகைய வேலையில் செய்யக்கூடாத முதல் தவறு, திறனைக் கூட்டினால் வேகம் தானே வந்துவிடும் என்று நம்புவது. வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் தேவைப்படும். பழைய கப்பலுக்குள் அதற்கு இடமேது? எனவே முதலில் கைவைக்க வேண்டியது வெளிமேனியில்தான். கப்பி திட்டத்தில் மேல்தளப் பீரங்கிகளைக் கழற்றினார்கள், முகப்பை உருண்டையாக்கினார்கள், பெரிஸ்கோப்புத் தாங்கிகளையும் மேல்மேடையையும் வழவழப்பான ஒரே கூட்டுக்குள் அடக்கினார்கள், கயிறு கட்டும் முளைகளைக்கூட உள்ளிழுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். அந்தச் சிறு முளைக்குக் காட்டிய அக்கறைதான் இந்த வேலையின் உயிர் என்பேன்.

அடுத்தது, பேட்டரியின் கொள்ளளவை மட்டும் பார்த்து அதன் குணத்தைப் பாராமலிருப்பது. வெடிமருந்து அறை, நன்னீர்த் தொட்டி ஆகியவற்றின் இடத்தையும் எடுத்துக்கொண்டு, 252 மின்கலங்கள் இருந்த கப்பலில் 504 மின்கலங்களை அடுக்கினார்கள். மெல்லிய தகடுகள் கொண்ட அந்தப் புதிய கலங்கள் அதிக மின்சாரம் தந்தாலும், பழையவை ஐந்தாண்டு உழைத்த இடத்தில் இவை 18 மாதமே தாங்கின. வெளியேறும் ஹைட்ரஜனுக்குக் காற்றோட்டமும் வெப்பத்துக்குக் குளிர்விப்பும் கட்டாயமாயின. இவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. 1949 ஆகஸ்டில் நார்வேக்கு அப்பால் கடும் புயலில் சிக்கிய கொச்சினோ என்ற கப்பி நீர்மூழ்கியில் மின்தீ மூண்டு பேட்டரி வெடித்தது. நச்சுவாயு சூழ்ந்த நிலையிலும் மாலுமிகள் 14 மணி நேரம் போராடினார்கள், ஆனாலும் கப்பல் மூழ்கிவிட்டது. அதிலிருந்த ஒரு பொறியாளரும், காப்பாற்ற வந்த டஸ்க் கப்பலின் ஆறு மாலுமிகளும் உயிரிழந்தார்கள்.

உச்ச வேகத்தையே ஓடும் வேகமாகக் கருதுவதும் தவறு. இரண்டாம் கட்டக் கப்பி நீர்மூழ்கி 16 கடல் மைல் வேகத்தில் அரைமணி நேரமே ஓடும். அதற்குப் பிறகு ஊர்ந்துதான் ஆக வேண்டும். ஸ்நார்க்கல் குழாய் பொருத்தினால் வேகம் கூடும் என்பாரும் உண்டு. அது பெரிஸ்கோப்பு ஆழத்திலிருந்தே டீசல் எஞ்சினை இயக்கிப் பேட்டரியை நிரப்ப உதவுவது, அவ்வளவே. அலை மூடி அதன் அடைப்பு விழும்போதெல்லாம் எஞ்சின் உள்ளறைக் காற்றை உறிஞ்சுவதால் காது வலிக்கும்.

ஆழக் கட்டுப்பாட்டைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவது மிக ஆபத்தானது. மணிக்கு 16 கடல் மைல் என்றால் விநாடிக்கு எட்டு மீட்டருக்கும் மேல். 60 மீட்டர் ஆழத்தில் செல்லும்போது ஆழத்தைக் கட்டுப்படுத்தும் பின்துடுப்பு சிக்கி முகப்பு 30 பாகை கவிழ்ந்தால், பாதுகாப்பு எல்லையான சுமார் 120 மீட்டரைத் தொடப் பதினைந்து விநாடிதான் ஆகும். அந்தப் பதினைந்து விநாடிக்குள் மின்மோட்டாரைப் பின்னோக்கி இயக்கி, கப்பல் மேலெழும்படி நீர்த்தொட்டிகளுக்குக் காற்றடித்து நீரை வெளியேற்றும் பயிற்சி, முதல் வேகச் சோதனைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.