கனடாவுக்கு முதல் நீர்ப்பறவை வேட்டை: போவதற்குத் திட்டமிட்டு, திரும்புவதை மறந்துவிடாதீர்கள்

செப்டம்பர் பிறந்ததும் வட டகோட்டா, மொன்டானா நெடுஞ்சாலைகளில் டிரெய்லர் கட்டிய பிக்அப் வண்டிகள் வடக்கு நோக்கிப் போவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் சஸ்காச்சுவான், மானிட்டோபா, ஆல்பர்ட்டா மாகாணங்களுக்குத்தான். வட அமெரிக்காவின் வாத்துகளில் பெரும்பங்கு குஞ்சு பொரிப்பது அந்தப் புல்வெளிப் பகுதியின் சிறு குட்டைகளில். ஆர்க்டிக்கிலிருந்து இறங்கும் பனிவாத்துகளும் தெற்கே போகும் வழியில் அங்கேதான் பார்லி, பட்டாணி அறுத்த வயல்களில் மேய்கின்றன. வட அமெரிக்காவின் முதல் அரசுப் பறவைகள் சரணாலயம் 1887-இல் சஸ்காச்சுவானின் லாஸ்ட் மவுன்டன் ஏரியில் அமைந்ததற்கும் இந்த வளம்தான் காரணம்.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில் சிலருக்கும் இந்த ஆர்வம் உண்டு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை ஏறக்குறைய முழுக்கத் தடை என்பதால், நம்மில் பலருக்கு இது அமெரிக்க நண்பர்கள் மூலமாக வரும் பழக்கம். முதல் பயணம் போகிறவர்கள் எல்லோருமே துப்பாக்கி, டிகாய் (பறவைகளை ஈர்க்க வைக்கும் போலிப் பறவை), உடை என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். பயணம் கெட்டுப்போவது அவற்றால் அல்ல. எல்லைச் சாவடி, வயல் உரிமையாளரின் அனுமதி, திரும்பும்போது பெட்டியில் இருக்கும் இறைச்சி, இந்த மூன்றில்தான் கெட்டுப்போகிறது. ஆகவே கடைசியிலிருந்து தொடங்கலாம்.

திரும்பும் வழியில் நடக்கும் பெரிய தவறு, பறவைகளைச் சுத்தம் செய்யும் விதம். ஊரில் செய்வதுபோல நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்தெடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு உறையவைத்துவிடுகிறார்கள். அமெரிக்க மத்திய விதிப்படி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு நீர்ப்பறவையிலும் இறகோடு கூடிய ஒரு முழுச் சிறகு ஒட்டியபடியே இருக்க வேண்டும். அதிகாரி இனத்தை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். சிறகில்லாத கறியை எந்தப் பறவை என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

சரி, அப்படியானால் முழுப் பறவையாகவே கொண்டுவரலாமே என்றால், அதுவும் முடியாது. பறவைக் காய்ச்சல் பரவியதால் 2022 செப்டம்பரில் அமெரிக்க வேளாண் துறை கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. தலை, கழுத்து, கால், குடல், தோல், இறகு எல்லாம் நீக்கியிருக்க வேண்டும். அந்த ஒரு சிறகுக்கு மட்டும் விலக்கு. கறியைத் தண்ணீரில் அலசி, ரத்தமும் அழுக்கும் இல்லாமல் செய்து, கசியாத பையில் போட்டு, கசியாத பெட்டியில் குளிர்ந்த நிலையிலோ உறைந்த நிலையிலோ வைக்க வேண்டும். நோய்க் கட்டுப்பாட்டு வளையத்துக்குள், அதாவது நோய் கண்ட இடத்தைச் சுற்றி அறிவிக்கும் பகுதிக்குள், சுட்ட பறவைக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கலாம். இந்த விதி நோய் நிலவரத்தைப் பொறுத்து மாறக்கூடியது. போகும் முன் ஒருமுறையும், திரும்பும் நாளுக்கு முன் ஒருமுறையும் வேளாண் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். அங்கே இருக்கும்போதே வளையம் போடப்படலாம். பாடம் செய்து சுவரில் மாட்ட ஒரு பறவையை முழுசாகக் கொண்டுவர நினைத்தால், அதற்கான தனி நடைமுறையைக் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்; எல்லையில் கேட்டால் காலம் கடந்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, நாலு பேர் சுட்டதையும் ஒரே பெட்டியில் கொட்டி ஒரே கட்டியாக உறையவைப்பது. எண்ண முடியாத கறியை அதிகாரி நம்ப வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொருவரின் பறவைகளும் தனித்தனிப் பையில், பெயர், முகவரி, இனம், எண்ணிக்கை, சுட்ட தேதி, கையெழுத்து எழுதிய சீட்டோடு இருக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம் என்பது ஒரு கணக்கு, கைவசம் எத்தனை வைத்திருக்கலாம் என்பது வேறு கணக்கு. சஸ்காச்சுவானில் வாத்துகளுக்கு வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 8, கைவசம் 24. ஒரு வாரம் தங்குகிறோம், ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டால் நல்லது. அந்தக் கறியின் ருசி தெரிந்தவர்கள் இதைச் சுமையாக நினைக்க மாட்டார்கள்.

இப்போது போகும் வழி. அமெரிக்கர் ஒருவர் வேட்டைக்கான ஷாட்கன்னோடு கனடாவுக்குள் நுழைவது கடினமான காரியம் அல்ல. வெளிநாட்டவருக்கான துப்பாக்கி அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, சுங்க அதிகாரியிடம் கொடுத்து, 25 கனடா டாலர் கட்டினால், அதுவே 60 நாளுக்குத் தற்காலிக உரிமம். இதில் பலர் செய்யும் சின்னத் தவறு, வீட்டிலேயே கையெழுத்தும் போட்டுவிடுவது. கையெழுத்து அதிகாரியின் கண்முன்தான் போட வேண்டும். தற்காப்புக்கென்று வண்டியில் வைத்த கைத்துப்பாக்கியை மறந்துபோய் எல்லைக்குக் கொண்டுசெல்வது சின்னத் தவறு அல்ல. அது பறிமுதல், வழக்கு என்று போய்விடும். கிளம்பும் முன் வண்டியின் எல்லா அறைகளையும் ஒருமுறை துழாவிவிடுங்கள். தோட்டா 200 வரை சுங்க வரி இல்லை. 25 தோட்டாப் பெட்டியில் அது எட்டுப் பெட்டி. எல்லாமே நச்சற்ற உலோகமாக இருக்க வேண்டும். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு அமெரிக்கா 1991-இலும் கனடா 1999-இலும் நாடு முழுவதும் தடை போட்டுவிட்டன. குட்டையில் விழுந்த ஈயத்தைக் கூழாங்கல்லென்று விழுங்கிச் செத்த பறவைகள் ஏராளம். இந்தத் தடையை நான் மனதார ஆதரிக்கிறேன்.

துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகும் முன், அமெரிக்கச் சுங்க அலுவலகத்தில் காட்டி 4457 எண் படிவத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்தத் துப்பாக்கி உங்களுடையதே, அங்கே வாங்கியதல்ல என்பதற்கு அதுதான் சாட்சி.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். அமெரிக்கச் சட்டம் குடியேறா விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் மட்டும் விலக்கு. ஆனால் எல்லை தாண்டினால் கதை வேறு. அதே துப்பாக்கியை மறுபடி அமெரிக்காவுக்குள் கொண்டுவர, மத்திய துப்பாக்கித் துறையிடம் முன்கூட்டியே தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வெளியே எடுத்துப்போவதற்கும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் உள்ள எளிய விலக்கு உங்களுக்குக் கிடையாது. என் கருத்து, துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கனடாவில் உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே நின்று நேரடியாக மேற்பார்வையிட்டால் அவருடைய துப்பாக்கியை நீங்கள் பயன்படுத்தலாம். அல்லது வேட்டை ஏற்பாட்டாளர் மூலம், அங்கே துப்பாக்கியை இரவல் வாங்குவதற்கான தற்காலிக உரிமத்துக்கு முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கனடா விசாவும் வேண்டும்; கிரீன் கார்டு இருந்தால் வேண்டாம். இன்னொன்று: கனடாவில் கஞ்சா சட்டப்படி விற்கிறது என்பதற்காக அதை எல்லை தாண்டிக் கொண்டுபோவதோ கொண்டுவருவதோ குற்றம்தான். விசாவில் இருப்பவருக்கு அதன் விளைவு வேட்டையோடு நிற்காது.

பழைய வழக்குகளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றம் அமெரிக்காவில் பல மாநிலங்களில் சிறு குற்றம். கனடாவில் 2018 டிசம்பரிலிருந்து அதற்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கலாம் என்றானதால், குடிவரவுச் சட்டப்படி அது பெருங்குற்றம். எத்தனையோ வருடத்துக்கு முன் நடந்தது என்று நண்பர் சொல்லாமல் விட்டுவிடுவார். சாவடியில் அவர் பெயர் திரையில் வரும். ஒரே வண்டியில் வந்த நாலு பேரும் நடுவழியில் நிற்பார்கள். தற்காலிக நுழைவு அனுமதியோ, பழைய குற்றம் இனி நுழைவுக்குத் தடையாகாமல் இருக்கக் கேட்கும் மறுவாழ்வு விண்ணப்பமோ மாதங்களுக்கு முன் தொடங்க வேண்டிய வேலை. முன்பணம் கட்டும் முன், கூட வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

உரிமம் ஒன்று வாங்கினால் போதும் என்று நினைப்பதும் உண்டு. இடம்பெயரும் பறவைகள் 1916-இல் அமெரிக்காவும் கனடாவுக்காகப் பிரிட்டனும் செய்த ஒப்பந்தத்தின் கீழ் வருவதால், கனடா மத்திய அரசின் வேட்டைப் பெர்மிட்டும் அதோடு சேர்த்து வாங்கும் பறவை வாழிடப் பாதுகாப்பு ஸ்டாம்பும் வேண்டும். அதற்கு மேல் மாகாண உரிமம் தனி. ஒவ்வொரு மாகாணமும் ஒரு மாதிரி. மானிட்டோபாவில் 2023 முதல் ஏற்பாட்டாளர் இல்லாமல் சொந்தமாக வேட்டையாட வரும் வெளிநாட்டவர் குலுக்கலில் தேர்வாக வேண்டும் என்றாகிவிட்டது. போன வருடம் போன நண்பர் சொன்னார் என்று கிளம்புவது இங்கேதான் காலை வாரும். அந்தந்த ஆண்டின் விதிச் சுருக்கத்தை நீங்களே படியுங்கள்.

நிலத்தைப் பற்றிய தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. காரணம், அதன் கெட்ட பெயர் அடுத்து வருகிறவர்கள் மேல் விழுகிறது. சஸ்காச்சுவானில் முன்பெல்லாம் ‘உள்ளே வராதே’ என்று பலகை வைக்காத வயலில் இறங்கினால் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் மாறிவிட்டது. உரிமையாளரின் முன் அனுமதி இல்லாமல் வயலில் கால் வைக்கக் கூடாது. பலகை இல்லை என்பது இனி காரணமாகாது. யாருடைய நிலம் என்று அறிய ஊராட்சி வரைபடங்கள் கிடைக்கும். அங்கே நிலம் ஒரு மைல் சதுரங்களாகவும், அதன் கால் பங்காக 160 ஏக்கர் துண்டுகளாகவும் அளந்து எண்ணிடப்பட்டிருக்கிறது. நீங்கள் நிற்கும் துண்டின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸை அழைத்தால் அதுதான் முகவரி.

அனுமதி கேட்க இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டாதீர்கள். செப்டம்பர், அக்டோபர் அவர்களுக்கு அறுவடைக் காலம், நாள் முழுக்க எந்திரத்தின் மேல் இருப்பார்கள். மாலையில் பறவைகள் எந்த வயலில் இறங்குகின்றன என்று பார்த்ததும், அந்த வயலைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். எத்தனை பேர், வண்டி உள்ளே வருமா, எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று சொல்லுங்கள். மழை பெய்திருந்தால் வண்டியை ஓரத்தில் நிறுத்தி டிகாய்களைச் சுமந்து போங்கள். ஈர மண்ணில் சக்கரம் பதிந்த பள்ளம் அடுத்த விதைப்பு வரைக்கும் அவருக்குத் தலைவலி. காலித் தோட்டா ஒன்றுகூட வயலில் கிடக்கக் கூடாது. ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து 500 மீட்டருக்குள் அனுமதியின்றி வேட்டையாடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பறவைகள் இரவில் தங்கும் குட்டையிலேயே போய்ச் சுடுவது இன்னொரு அவசரக் காரியம். முதல் நாள் பை நிறையும். மறுநாள் அந்தக் கூட்டமே வேறு வட்டாரத்துக்குப் போயிருக்கும், அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்களுக்கும் சேர்த்து. மேயும் வயலில் மட்டும் சுட்டு, குட்டையை விட்டுவைத்தால் வாரம் முழுக்க பறவை இருக்கும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். சஸ்காச்சுவானின் பெரும்பகுதி கோடைக்கால நேரத்துக்கு மாறுவதில்லை. வட டகோட்டாவின் பெரும்பகுதியிலிருந்து போகிறவருக்கு அங்கே ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். சுடலாம் என்ற நேரம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், கைபேசி பழைய நேரத்தைக் காட்டினால் குழப்பம்தான்.

நாய் கூட வந்தால் அதற்கும் தாள் வேண்டும். கனடாவுக்குள் நுழைய வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று. திரும்பி வர, 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்க்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும், இணையத்தில் இறக்குமதிப் படிவம் நிரப்பிய ரசீது கையில் இருக்க வேண்டும். படிவத்துக்குக் கட்டணம் இல்லை, சில நிமிட வேலை. ஆனால் புல்வெளி நடுவில் சிக்னல் இல்லாத இடத்தில் அதை நிரப்ப முடியாது. கிளம்பும் முன் வீட்டிலேயே முடித்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சஸ்காச்சுவான் எல்லையில் உள்ள நார்த் போர்ட்டல் போன்ற சில சாவடிகள்தான் 24 மணி நேரமும் திறந்திருக்கும். சிறிய சாவடிகள் மாலையிலேயே மூடிவிடும். கடைசி நாள் காலை வேட்டையை முடித்துச் சுத்தம் செய்து புறப்பட எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு, எந்தச் சாவடி வழியாக வருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.