கென்யக் கிராமத்தில் பள்ளி கட்ட வசூலா? சறுக்கும் இடங்கள் இவை

ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வரை எழும்பி அப்படியே நின்றுபோன சுவர்கள். உள்ளே இடுப்பளவு புல், நிழலில் கட்டிப்போட்ட ஓர் ஆடு. யாரோ நல்ல மனதோடு ஊர் ஊராக வசூல் செய்து தொடங்கிய வகுப்பறை. ‘பணம் பத்தவில்லை’ என்பார்கள். விசாரித்தால், வசூலுக்குக் கிளம்பும் முன்பே கணக்கு பிசகியிருக்கும்.

ஊர் கூடிப் பணம் திரட்டுவது கென்யாவுக்குப் புதிதல்ல. 1963இல் விடுதலை கிடைத்தபோது நாட்டின் தலைவர் ஜோமோ கென்யாட்டா ‘ஹராம்பே’ என்று குரல் கொடுத்தார். சேர்ந்து இழுப்போம் வாருங்கள் என்று பொருள். மக்கள் கல் சுமந்தார்கள், ஆட்டையும் கோழியையும் ஏலம் விட்டார்கள். 1970களின் நடுவில் அரசு உயர்நிலைப் பள்ளிகளைவிட ஹராம்பே பள்ளிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் பல இடங்களில் கட்டடம் வந்ததே தவிர, தகுதியான ஆசிரியரும் ஆய்வகமும் வரவில்லை. தேர்வில் பின்தங்கியது அந்தப் பிள்ளைகள்தான்.

அதே தவறு இன்றும் நடக்கிறது. அரசு ஆசிரியரை நியமிப்பது அங்கே ஆசிரியர் பணி ஆணையம். ஆணையம் ஆள் அனுப்பாவிட்டால் பள்ளி நிர்வாகக் குழுவே ஆசிரியரை அமர்த்திச் சம்பளம் தரவேண்டும். அந்தச் சுமை கடைசியில் பெற்றோர் தலையில் இறங்கும். பகல்நேர உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஆண்டுக்கு 22,244 ஷில்லிங் (கென்யப் பணம்) என அரசு மானியம் நிர்ணயித்தது. பதிவில்லாத பள்ளிக்கு அதில் ஒரு காசு கிடையாது. ‘முதலில் கட்டுவோம், பதிவு பின்னால் வரும்’ என்று யாராவது சொன்னால் நன்கொடைச் சீட்டை அச்சடிக்காதீர்கள். முதலில், பள்ளியைப் பதிவு செய்யும் கவுண்டிக் கல்வி வாரியத்தின் வாசலை மிதியுங்கள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி).

அங்கே போனால் இன்னொன்றும் தெரியவரும். நான்காண்டு உயர்நிலைப் பள்ளி என்ற பழைய அமைப்பே மறைந்துகொண்டிருக்கிறது. 2023இல் தொடங்கி, புதிய இளநிலைப் பள்ளியின் 7, 8, 9ஆம் வகுப்புகள் ஒவ்வொன்றாகத் தொடக்கப் பள்ளி வளாகங்களுக்கே வந்துவிட்டன. 2026 ஜனவரியில் 10ஆம் வகுப்போடு மூன்றாண்டு மேல்நிலைப் பள்ளி தொடங்கியது. பத்தாண்டுக்கு முந்தைய வரைபடத்தை வைத்து வசூலித்தால் எந்த வகுப்புக்குக் கட்டுகிறோம் என்றே தெரியாமல் கட்டுவோம். சில ஊர்களுக்குப் புதுப் பள்ளியைவிட, இருக்கும் பள்ளிக்கு ஓர் ஆய்வகம்தான் தேவை. அதைக் கேட்டு வசூலிப்பது கவர்ச்சியாக இருக்காது, உண்மைதான்.

அடுத்தது நிலம். பெரியவர் ஒருவர் மரத்தடியில் வாய்வார்த்தையாகக் கொடுத்த நிலத்துக்கு அவர் பேரன் நாளை உரிமை கேட்கலாம். தலைநகர் நைரோபியிலேயே, 2015 ஜனவரியில், லங்காட்டா சாலைத் தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலைத் தனியார் வளைத்து மதில் எழுப்ப, எதிர்த்த பிள்ளைகள் மேல் போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. பள்ளியின் பெயரில் பட்டா வரும்வரை செங்கல் இறக்க வேண்டாம்.

மண்ணையும் பாருங்கள். மேற்குக் கென்யாவில் கிசுமு நகரத்துப் பக்கத்துக் கானோ சமவெளியில் இருப்பது கரிசல். நம் கோவில்பட்டிக்காரருக்குச் சொல்லவே வேண்டாம்: மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும், மேலோட்டமாகப் போட்ட அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும். கரிசலைத் தோண்டி எடுத்துக் கெட்டி மண் நிரப்பும் செலவு மதிப்பீட்டில் இல்லாவிட்டால், லிண்டல் மட்டத்திலேயே பணம் தீர்ந்துவிடும்.

ஹராம்பே வசூல் மேடையில் மைக்கில் அறிவித்த தொகை பணமல்ல, வாக்குறுதி. கைக்கு வந்ததை மட்டும் எண்ணுங்கள். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு எம்-பெசாவில் (கைபேசி வழிப் பணப் பரிமாற்றம்) பணம் வாங்குவதும் ஆபத்து. ஆள் நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் வந்துவிடும். பள்ளிக் குழுவின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து. இதில் பேச்சுக்கே இடமில்லை.

டாலரில் திரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் ஒரு டாலருக்குச் சுமார் 160 ஷில்லிங் கிடைத்தது. மார்ச் முடிவில் 130 சொச்சம். அதாவது 10,000 டாலர் 16 லட்சம் ஷில்லிங்கிலிருந்து 13 லட்சத்துக்கு இறங்கியது, கூரைத் தகடு விலை மட்டும் இறங்கவில்லை.

கடைசியாக, யாரும் பெயர்ப்பலகை வைக்க விரும்பாத விஷயம்: கழிப்பறை. 25 பெண்பிள்ளைகளுக்கு ஒன்று என்பது அடிப்படை அளவு. மாதவிடாய் நாட்களில் பூட்டும் கதவும் தண்ணீரும் இல்லாவிட்டால் அந்தப் பெண் வீட்டிலேயே இருந்துவிடுவாள். இதற்கென்று தனியாகக் கேட்டால் வசூலாகாது. ஆகவே ‘ஒரு வகுப்பறை’ என்று கேட்கும் தொகையிலேயே அதன் பங்குக்கான கழிப்பறை, மழைநீர்த் தொட்டி, பெஞ்சு எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.