வெற்றி தந்த பயிற்றுவிப்பாளரைத் தக்கவைப்பதில் கழகங்கள் விடும் பிழைகள்

கிண்ணத்தோடு வந்த லொறி, தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் நின்றபோது மணி ஏழு இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது, தப்பு மேளச் சத்தம் நிற்கவில்லை. போஷகர் சேரின் தோளில் பொன்னாடை போட்டார். தலைவர் மைக்கைப் பிடித்து, "இன்னும் அஞ்சு வருசத்துக்கு சேர்தான் நமக்கு கோச்" என்றார். செயலாளர் நான்தான். கழகத்தின் கடிதத் தாளில் நாலு வரி எழுதி, முத்திரை குத்தி, அங்கேயே நீட்டினேன். ஐந்து வருடம் என்று மட்டும் அதில் தெளிவாக இருந்தது. மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கையால், பஸ் காசு யார் பொறுப்பு என்று ஒரு சொல்கூட இல்லை. சேர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

எட்டு மாதத்தில் போய்விட்டார்.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் கதை இது. இப்போது ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கமெல்லாம் பொடியன்கள் நன்றாக ஆடுகிறார்கள். நல்ல பயிற்றுவிப்பாளர் ஒருவர் கிடைத்தால் இரண்டே வருடத்தில் ஒரு கழகம் தலைநிமிர்கிறது. நிமிர்ந்ததும் அடுத்த கவலை, "இந்த ஆள் போய்விடுவாரோ?" அந்தக் கவலையில்தான் பிழைகள் நடக்கின்றன. கோடிக்கணக்கில் காசு புரளும் இங்கிலாந்துக் கழகங்களும் இதே பிழைகளைத்தான் விடுகின்றன. அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், நமக்கு முத்திரை இருக்கிறது.

வருடக் கணக்கை நம்புவது

நியூகாஸில் கழகம் 2011-12 பருவத்தில் ஐந்தாம் இடத்துக்கு வந்தது. மகிழ்ச்சியில் பயிற்றுவிப்பாளர் அலன் பார்டியூவுக்கு 2012 செப்டம்பரில் எட்டு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்தப் பருவமே அணி பதினாறாம் இடத்துக்கு இறங்கியது. 2015 ஜனவரியில் அவர் கிரிஸ்டல் பலஸுக்குப் போனார். எட்டில் மூன்று வருடம்கூட முழுதாக ஓடவில்லை. ஆனால் போகும்போது பலஸ் கழகம் நட்டஈடு கட்டித்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது அதிலேயே தெரிகிறது. போக நினைக்கிறவரை எந்தத் தாளும் பிடித்து வைக்காது. இன்னொருவர் அழைத்துப் போனால் நமக்கு என்ன வரும், நாமே அனுப்பினால் அவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கணக்கைத்தான் அது எழுதி வைக்கும். நெதர்லாந்தின் பெயனூர்ட் கழகம் இதைப் புரிந்து நடந்தது. 2023இல் லீக்கை வென்றதும் ஆர்னே ஸ்லொட்டின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டியது. ஒரு வருடம் கழித்து லிவர்பூல் அவரைக் கேட்டபோது வெறுங்கையோடு நிற்காமல் விலை பேசி அனுப்பியது.

நம் தோட்டக் கழகங்களுக்கு யாரும் பவுண் கணக்கில் நட்டஈடு கட்டப் போவதில்லை. ஆனாலும் கணக்கு இதேதான். "யார் விலகினாலும் மூன்று மாதம் முன்னரே எழுத்தில் சொல்ல வேண்டும், சுற்றுப்போட்டி நடுவில் விலகக் கூடாது" என்று ஒரு வரி இருந்திருந்தால், எங்கள் பொடியன்கள் அரையிறுதிக்குப் பயிற்றுவிப்பாளர் இல்லாமல் போயிருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், ஐந்து வருடம் என்று எழுதுவதைவிட இரண்டு வருடம், ஒவ்வொரு டிசம்பரிலும் உட்கார்ந்து பேசுவது என்று எழுதுவதே மேல்.

தப்பு அடிக்கும்போது கையெழுத்துப் போடுவது

லெஸ்டர் சிட்டி 2016 மேயில் பிரீமியர் லீக்கை வென்றதை உலகமே வாய்பிளந்து பார்த்தது. ஓகஸ்டில் ரனியெரிக்கு நான்கு வருடப் புது ஒப்பந்தம். அடுத்த பெப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கினார்கள். மென்செஸ்டர் யுனைட்டெட் 2024 மேயில் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் மென்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றது. ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தம் 2026 வரை நீண்டது. ஒக்டோபர் முடிவதற்குள் ஆள் வெளியே. நீட்டித்த கையாலேயே நட்டஈடும் கட்ட வேண்டியதாயிற்று.

ஒரு கிண்ணம் ஒரு நாளின் ஆட்டத்தைத்தான் காட்டும். அந்த ஆள் நமக்குச் சரியானவரா என்பது தோற்கிற மாதங்களில் தெரியும். குவார்டியோலா 2024 நவம்பரில் மென்செஸ்டர் சிட்டியோடு மேலும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்திட்டது, அணி அடுத்தடுத்து நான்கு போட்டி தோற்றிருந்த வேளையில். அந்த நேரத்தில் ஒரு கழகம் "நீங்கள் இருங்கள்" என்று சொன்னால், அதில் போதை கலந்திருக்க வாய்ப்பில்லை. (நம் பக்கம் கிண்ணம் வென்ற இரவில் வேறு போதையும் சேர்ந்துவிடுகிறது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.) பொன்னாடை அன்றைக்கே போடலாம், தாளுக்கு இரண்டு வாரம் பொறுங்கள்.

அதற்காக வருடக் கடைசி வரை இழுத்தடிப்பதும் ஆபத்து. 2016-17 முழுவதும் ஆர்சனலில் வெங்கர் இருப்பாரா, போவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு போட்டியில் மைதானத்துக்கு மேலே இரண்டு விமானங்கள் பறந்தன, ஒன்று அவரைப் போகச் சொல்லும் பதாகையோடு, மற்றது அவரை வாழ்த்தும் பதாகையோடு. இருபது வருடத்தில் முதல் தடவையாக அணி முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. பருவம் முடிந்த பிறகு இரண்டு வருடம் நீட்டினார்கள், அதில் ஒரு வருடம்தான் இருந்தார். போகிறவர் என்று தெரிந்தால் ஆட்டக்காரனின் காது மூடிக்கொள்கிறது. யுனைட்டெட்டின் பெர்குசனுக்கே அது நடந்தது. 2002இல் ஓய்வு பெறுவேன் என்று முன்கூட்டியே சொன்னார், அந்தப் பருவத்தில் அணி தடுமாறியது, பெப்ரவரியில் மனதை மாற்றிக்கொண்டார், அடுத்த பருவம் லீக் பட்டம் திரும்பி வந்தது.

சம்பளத்தைப் பேசிவிட்டு வேலையைப் பேசாமல் விடுவது

எனக்கு மிகப் பெரிய பிழையாகப் படுவது இதுதான்.

டொட்டன்ஹாம் 2018 மேயில் பொச்செட்டினோவுக்கு 2023 வரை ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. கொடுத்த கையோடு அந்தக் கோடையில் ஒரு ஆட்டக்காரரைக்கூட வாங்கவில்லை. அடுத்த ஜனவரியிலும் வாங்கவில்லை. இருந்த பொடியன்களை வைத்தே அவர் 2019 சம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போனார். நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்த அந்தப் போட்டியை எங்கள் லயத்தில் ஒரே தொலைக்காட்சியைச் சுற்றிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். லிவர்பூலிடம் தோற்றார்கள். அதே வருடம் நவம்பரில் அவரை நீக்கினார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஐந்து வருடச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இருந்தது, வேலை செய்யத் தேவையானதற்கு இல்லை.

எங்கள் சேர் கொட்டகலையிலிருந்து வருபவர். ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பொகவந்தலாவைப் பக்கம் இன்னொரு பஸ். பாடசாலை விட்டு இரண்டு மணிக்குப் புறப்பட்டால் மைதானத்துக்கு வர நாலாகும். பயிற்சி முடிந்து ஆறரைக்கு ரோட்டில் நின்றால் சில நாள் பஸ் கிடைக்கும், சில நாள் ஆட்டோதான். ஆட்டோக் காசை முதல் இரண்டு மாதம் பொருளாளர் கொடுத்தார். பிறகு "சேர், சந்தா வரட்டும்" என்றார். சேர் ஒன்றும் பேசவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் ரோட்டோரக் குடிலுக்குள் குடையை மடித்துப் பிடித்தபடி அவர் நிற்பதை நான் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்தேன். நான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கை காட்டினார்.

காசைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வேறு. மூன்றாம் மாதம் கமிட்டியில் ஒருவர் தன் மகனை ஏன் இறக்கவில்லை என்று எல்லையோரத்தில் நின்று சத்தம் போட்டார். அடுத்த வாரம் இன்னொருவர் "கோல் கீப்பரை மாத்துங்க சேர், ஊர்ல பேசுறாங்க" என்றார். தலைவரும் நானும் வாயைத் திறக்கவில்லை. அணியைத் தெரிவு செய்வது யார் என்று எங்கள் நாலு வரித் தாளில் எழுதப்படவில்லையே, எதைக் காட்டிப் பேசுவது என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாள் இல்லாவிட்டாலும் பேசியிருக்கலாம்.

ஆகவே முதலில் எழுத வேண்டியது இவைதான்: அணித் தெரிவு முழுக்கப் பயிற்றுவிப்பாளருடையது. வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, மைதானம் யாரிடம் கேட்பது, மழை நாளில் எங்கே. பருவத்துக்கு எத்தனை பந்து, பூட்ஸ் இல்லாத பொடியனுக்கு என்ன வழி. பயணக் காசு சம்பளத்தில் சேராது, வாரா வாரம் கையில். இவற்றை எழுதிவிட்டு மாதத் தொகைக்கு வாருங்கள். அவரை மாதச் சம்பள ஊழியராகவே வைக்கிற அளவுக்குக் கழகம் வளர்ந்திருந்தால் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், தொழில் தருநர் பங்கு 12 வீதம், ஈ.டி.எஃப். எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கமிட்டி மாறும் என்பதை மறப்பது

பெரிய கழகங்களுக்கு உரிமையாளர் மாறினால்தான் பிரச்சினை. நமக்கு ஒவ்வொரு மகாசபைக் கூட்டத்திலும் பிரச்சினை. எங்கள் தலைவர் மைக்கில் வாக்குக் கொடுத்தார், அடுத்த ஜனவரியில் பதவியில் இல்லை. புதுத் தலைவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது அவங்க எழுதினது, நமக்கென்ன?" என்றார். சட்டப்படி அது சரியோ பிழையோ, சேர் வழக்கா போடப் போகிறார்?

இதற்கு மருந்து சுலபம். ஒப்பந்தத்தைக் கமிட்டியில் தீர்மானமாக நிறைவேற்றி, கூட்டக் குறிப்பில் எழுதி, அடுத்த மகாசபையில் வாசியுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பதவிப் பெயரோடு கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி சேரிடம், ஒன்று கோப்பில். போஷகர் சொந்தக் காசு தருவதாக இருந்தால் அதையும் தனியாக எழுதி வாங்குங்கள். போஷகரின் வாக்குறுதிகள் தேர்தல் காலத்து வாக்குறுதிகளுக்கு உறவுக்காரர்கள் போல இருப்பதுண்டு.

வீட்டைக் கேட்காமல் விடுவது

நம் மலைநாட்டில் பயிற்றுவிப்பாளர் இன்னொரு கழகத்துக்குப் போவது குறைவு. ஆசிரியர் என்றால் இடமாற்றம் வரும். தனியார் வேலை என்றால் கொழும்பு கூப்பிடும், இல்லாவிட்டால் கட்டார், டுபாய். மகளுக்கு ஹட்டனில் பாடசாலை கிடைத்ததா, மனைவி எங்கே வேலை செய்கிறார், வீட்டு லோன் இருக்கிறதா என்பதெல்லாம் "நமக்கெதுக்கு" என்று நினைக்கிற கேள்விகள். ஆனால் அடுத்த மூன்று வருடத்தில் அவர் எங்கே இருப்பார் என்பதைத் தீர்மானிப்பது இவைதான். கொஞ்சம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேளுங்கள், தப்பாக நினைக்கமாட்டார்.

படிப்பும் அப்படித்தான். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ்கள் சி, பி, ஏ என்று படிப்படியாகப் போகின்றன, அதற்கு மேல் ப்ரோ. அடுத்த படிக்கான செலவில் ஒரு பங்கைக் கழகம் ஏற்று, அதற்கு ஈடாக இன்னொரு வருடம் இருப்பதாக எழுதி வாங்குவது இரு பக்கமும் நியாயமான பேரம். "படிச்சா பறந்துடுவார்" என்று பயந்து தடுத்த கழகங்களை எனக்குத் தெரியும். பறந்துதான் போனார்கள்.

ஒரே ஆளில் எல்லாவற்றையும் வைப்பது

பெர்குசன் 1986 நவம்பரிலிருந்து 2013 மே வரை யுனைட்டெட்டில் இருந்தார், பதின்மூன்று லீக் பட்டங்கள். அவர் போன அதே கோடையில் நிர்வாகத் தலைவர் டேவிட் கில்லும் போனார். வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம், பத்து மாதத்தில் வெளியே. வீட்டின் இரண்டு தூணையும் ஒரே நாளில் எடுத்தால் கூரை என்ன செய்யும்? லிவர்பூலில் வேறு மாதிரி. குளொப் 2026 வரை ஒப்பந்தம் இருந்தும் 2024 ஜனவரியில், சக்தி தீர்ந்துவிட்டது, பருவ முடிவில் போகிறேன் என்று சொன்னார். தேடுவதற்குக் கழகத்துக்குக் கிட்டத்தட்ட நாலு மாதம் கிடைத்தது. வந்த ஸ்லொட் முதல் பருவத்திலேயே லீக்கை வென்றார்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே ஆள் என்றால் பிரான்ஸின் ஒசேர் கழகத்துக் கி ரூதான். 1961இல் தொடங்கியவர், இடையில் சிறு இடைவெளிகள் போக, 2005 வரை இருந்தார். சின்ன ஊர், 1996இல் லீக்கையும் பிரெஞ்சுக் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. காசு கொடுத்து வாங்க வழியில்லாததால் பொடியன்களை வளர்த்தார், எரிக் கன்டோனா அங்கே வளர்ந்தவர்தான். தோட்டக் கழகங்களுக்கு யுனைட்டெட்டைவிட இந்தக் கதைதான் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் சேர் போன அன்று நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க முகமும் இல்லை. அவராகவே ஒரு சீ.ஆர். கொப்பியை என் கையில் தந்தார். ஒவ்வொரு பொடியனுக்கும் ஒரு பக்கம்: எந்தக் கால், எங்கே நிற்க வைக்க வேண்டும், பூட்ஸ் அளவு, யாருடைய அப்பா குடிப்பார், யார் சாப்பிடாமல் பயிற்சிக்கு வருகிறான். என் தம்பி மகன் பக்கத்தில் "இடது கால் பயம், திட்ட வேண்டாம்" என்று இருந்தது.

இப்போதுள்ள பயிற்றுவிப்பாளருக்கு உதவியாளர் ஒருவர் இருக்கிறார், இந்தத் தோட்டத்துப் பையன். கொப்பியில் இருவரும் எழுதுகிறார்கள். ஆட்டோக் காசு வெள்ளிக்கிழமை.