பேச வந்தவர்களைப் பேசவிடுங்கள்: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்கள். ஜவுளிக்கடை சூப்பர்வைசர், நர்ஸ், பிள்ளையின் டீச்சரிடம் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேச நினைக்கும் அம்மா. பலருக்குப் படித்தால் புரியும், வாயில்தான் வராது. அவர்களை மறுபடி எட்டாம் வகுப்பு பெஞ்சில் உட்காரவைத்து டென்ஸ் அட்டவணையிலிருந்து தொடங்குவது முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, நடுவில் புகுந்து திருத்துவது. "எஸ்டர்டே ஐ கோ டு மை மதர் ஹவுஸ்..." என்று ஒருவர் ஆரம்பித்ததுமே "கோ இல்லை, வென்ட்!" என்கிறோம். அம்மா வீட்டில் என்ன நடந்தது என்பது அதோடு நின்றுபோகிறது. நானும் பல வருடம் இப்படித்தான் செய்தேன். இப்போது நோட்டில் குறித்துக்கொள்கிறேன். எல்லோரும் பேசி முடித்தபின், யார் சொன்னது என்று சொல்லாமல் மூன்று வாக்கியங்களைப் போர்டில் எழுதினால் அவர்களே திருத்திவிடுகிறார்கள்.

"ஓ, யூ வென்ட் டு யுவர் மதர்ஸ் ஹவுஸ்?" என்று நாசூக்காகத் திருப்பிச் சொன்னால் போதாதா? கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளின் வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டர், ராண்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த வழிதான். மாணவர்கள் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டது இதில்தான் மிகக் குறைவு.

அடுத்தது, பதிலுக்குக் காத்திருக்காதது. "பஸ்ஸை விட்டுட்டதால லேட்டா வந்தேன்" என்பதில் வினை கடைசியில் வருகிறது. இங்கிலீஷில் அதை முன்னால் இழுக்க வேண்டும், காரணத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மனசுக்குள் இத்தனையும் நடக்க நேரம் வேண்டாமா? அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டார். 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. அது தாய்மொழியில் படித்த பிள்ளைகளுக்கு. நம்மவர்களுக்கு நான் மனசுக்குள் பத்து எண்ணுகிறேன்.

"வகுப்பில் தமிழே கூடாது" என்ற சட்டமும் எனக்கு உடன்பாடில்லை. 'எ' (a), 'தி' (the) எங்கே வரும் என்று இங்கிலீஷிலேயே அரைமணி நேரம் விளக்குவதைவிட, "ஊர்ல ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். 'ஒரு' வந்த இடம் 'எ', 'அந்த' வந்த இடம் 'தி'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. தொடங்க இது போதும்.

செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷனை மனப்பாடம் செய்யவைப்பதும் வீண். குறுக்கே ஒரு கேள்வி வந்தால் எல்லாம் மறந்துபோகும். அதற்குப் பதில், மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் 1989-இல் ஆராய்ந்து எழுதிய 4/3/2 பயிற்சியைச் செய்யுங்கள். ஒரே விஷயத்தை மூன்று பேரிடம், 4 நிமிடம், 3 நிமிடம், 2 நிமிடம் என்று சொல்ல வேண்டும். சேலையைத் திருப்பிக் கொண்டுவந்த வாடிக்கையாளரைப் பற்றி முதல் ஆளிடம் திக்கித் திக்கிச் சொன்ன சூப்பர்வைசர், மூன்றாவது ஆளிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.