‘லுக் ஃபார்வர்ட் டு’: அந்த ‘டு’ வேறு

வேலை விண்ணப்பத்தின் கடைசி வரியில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ (உங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்) என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர்கள் ஏராளம். ‘டு ஹியர்’ பிழை. ‘டு ஹியரிங்’ என்பதே சரி.

‘டு கோ என்றால் போக, டு சீ என்றால் பார்க்க’ என்று பள்ளியில் படித்த பழக்கத்தில், ‘டு’ வந்தாலே கை வெறும் வினைச்சொல்லை எழுதிவிடுகிறது. போதாக்குறைக்கு ‘உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்ற தமிழ் வாக்கியமும் மனத்தில் ஓடும். இந்தத் தொடரில் உள்ள ‘டு’வோ வேற்றுமை உருபு போன்றது. அதன்பின் பெயர்ச்சொல்தான் நிற்கும். வினை வந்தால் ‘இங்’ சேர்த்துப் பெயராக்க வேண்டும். இதற்கான சாவி தமிழிலேயே இருக்கிறது. ‘சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்று நாம் எழுதுவதில்லை, ‘சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்கிறோம். ‘சந்திப்பது’தான் ‘மீட்டிங்’, அதில் ஒட்டிய ‘ஐ’ உருபுதான் ‘டு’.

சந்தேகம் வந்தால் வினை நிற்கும் இடத்தில் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ பொருள் தரும். எனவே ‘இங்’ வேண்டும். ‘ஐ ஹோப் டு இட்’ பொருள் தராது. அங்கே ‘ஹோப் டு ஹியர்’தான். விதியை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு ‘ஹோப் டு ஹியரிங்’ என்று எழுதுவது புதுப் பிழை. ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் லேட்’ (பழகிவிட்டது) என்பதற்கும் ‘ஐ யூஸ்டு டு வொர்க் லேட்’ (முன்பு அப்படிச் செய்தேன்) என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதே சோதனையில் பிடிபடும்.

‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ இன்னொரு வகை. ‘பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’ என்பதிலுள்ள ‘காக’தான் ‘ஃபார்’ ஆகிவிடுகிறது. ‘வெயிட்டிங்’ என்றால் ‘ஃபார்’ பொருந்தும், இங்கே ‘டு’ மட்டுமே. ‘ஃப்ரம்’ விட்டுப்போனாலும் பொருள் மாறும்: ‘ஹியரிங் யூ’ என்றால் உங்கள் குரலைக் கேட்பது.

நம் ‘எதிர்பார்க்கிறேன்’ நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. இந்த ஆங்கிலத் தொடர் மகிழ்ச்சியான எதிர்பார்ப்புக்கு மட்டும். சரக்கு தாமதமாகும் என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க ‘வீ லுக் ஃபார்வர்ட் டு எ டிலே’ என்று எழுதினால், தாமதத்தைக் கொண்டாடுவது போலிருக்கும். அங்கே ‘எக்ஸ்பெக்ட்’ போதும்.

அலுவலகக் கடிதத்துக்கு ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ பொருந்தும். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ சற்று நெருக்கமான தொனி, பழகியவர்களுக்கு எழுதலாம். அதோடு, ‘கூடிய விரைவில்’ என்ற பொருளில் ‘அட் தி எர்லியஸ்ட்’ என்று ஒட்டவைப்பது நம் ஊர் வழக்கம். வெளிநாட்டவர் அதை ‘அதற்கு முன்னால் இல்லை’ என்று புரிந்துகொள்ளக்கூடும். அவசரமென்றால் ‘பை ஃப்ரைடே’ என்று கிழமையையே குறிப்பிட்டுவிடுங்கள்.