மாடிக்கு வந்த ஊர்க்கோழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து நாலு நாட்டுக்கோழியைக் கூடையில் கட்டிச் சென்னைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு மார்ச் வரை சந்தோஷம்தான். மே மாதம் பார்த்தால் கூண்டு காலி. தண்ணீர் வைக்க மறப்பது, கூண்டைப் பூட்டாமல் விடுவதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவை வேறு.

தகரக் கூரை

எத்தனை முறை சொன்னாலும் மொட்டை மாடியில் தகரத்தைத்தான் போடுகிறார்கள். "ஊரிலும் தகரக் கொட்டகையில்தானே இருந்தது?" இருந்தது, ராத்திரி மட்டும். பகலில் முருங்கை நிழலில் மண்ணைக் கிளறிக் குழி பறித்துப் படுத்திருக்கும். மாடியில் மேலே தகரம், கீழே கான்கிரீட். வெயில் தாழ்ந்த பிறகும் தளம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து இரைத்து, அந்த ஈரம் காய்வதில்தான் உடம்பைத் தணித்துக்கொள்ளும். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு நின்றால், சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். அப்போது பதறிப்போய்க் கூண்டுக்குள் தண்ணீரைத் தெளிப்பார்கள். கடலோர ஊரின் புழுக்கத்தில், அடைத்த கூண்டுக்குள் ஈரம் ஏறினால் இரைப்பதும் பலிக்காது. சாயங்காலம் நாலு மணிக்குள் ஒன்றிரண்டு சாய்ந்துவிடும். முட்டையிடும் பெட்டைதான் முதலில் போகும்.

தகரம்தான் இருக்கிறதென்றால் அதன்மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காக வேயுங்கள். கூரை ஆறடி உயரம், எதிரெதிராக இரண்டு பக்கமும் கம்பிவலை, தரையில் நாலு அங்குலம் உமி. ஒரு மூலையில் பழைய டப்பில் அரையடி ஆழத்துக்கு மணலும் அடுப்புச் சாம்பலும். புரள இடம் கிடைத்தால் செள்ளும் குறையும். தண்ணீர் மண்சட்டியில், நிழலில். மதியம் ஒருமுறை மாற்றுங்கள். கோடையில் தீனி காலை ஏழு மணிக்குள்ளும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும். மதியம் தின்றால் செரிக்கிற சூடும் சேர்ந்துகொள்ளும்.

சேவல்

வேண்டாம். முட்டைக்கு அது தேவையில்லை. கூவலுக்குப் பக்கத்து வீட்டார்தான் பதில் சொல்வார்கள்.

வெறும் அரிசிக் குருணை

ஊரில் புழுவும் கரையானும் தானாகக் கிடைத்தன. இங்கே கம்பு, குருணையோடு உப்பில்லாத கருவாட்டுத் தூளோ, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாப் பாசியோ சேர்க்க வேண்டும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஓடில்லாத தோல்முட்டை விழும். ஊறுகாய், அப்பளம், மிச்சக் குழம்பு எதுவும் கூடாது.

கோழிவலை

பூனையும் மரநாயும் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை) வாங்குங்கள்.

"நாட்டுக்கோழிக்கு நோய் வராது"

வெள்ளைக்கழிச்சல் வரும், வந்தால் மருந்தில்லை. எட்டாவது வாரத்தில் இதற்கான ஆர்2பி என்ற தடுப்பூசி, இறக்கைத் தோலடியில். மருந்தை ஐஸோடுதான் எடுத்துவர வேண்டும்; சட்டைப் பையில் வந்த மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்று.